பாலக்கோட்டு வீட்டின் கூரைச் சூட்டுக்கு எந்த இன்சுலேஷன்?

வெப்பத்தை மறிக்கும் இன்சுலேஷனாகக் கண்ணாடி நார், காகிதத் தூள், தெளித்தால் இறுகும் ஸ்ப்ரே ஃபோம், தெர்மகோல், இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே வீட்டைப் பற்றியும் எழுதியிருப்பது நல்லதாகப் போயிற்று. பாலக்கோடு பக்கம் 1100 சதுர அடியில் ஒரே தளமாகக் கட்டிய வீடு. கூரை 5 அங்குல கான்கிரீட் தளம். பணம் பற்றாததால் மேலே தட்டோடு (தட்டையான சுட்ட ஓடு) பதிக்காமல் மூன்று வருஷமாக வெறும் தளமாகவே வெயிலில் கிடக்கிறது. சுவர் சிமெண்ட் ஹாலோ பிளாக். அம்மா படுக்கிற தென்மேற்கு மூலை அறையில் ராத்திரி பதினொரு மணிக்கும் படுக்க முடியவில்லை. மேஸ்திரி தெர்மகோல் வைத்து ஃபால்ஸ் சீலிங் போடச் சொல்கிறார், மைத்துனர் ஏசி வாங்கச் சொல்கிறார். நான் புரிந்துகொண்டபடி, அந்தத் தளத்திலிருந்து ராத்திரியில் இறங்குகிற சூட்டை எப்படி நிறுத்துவது, அதற்குக் கையில் இருக்கும் பணத்தை எதில் போடுவது என்பதுதான் நீங்கள் கேட்பது.

நான் டிப்ளமோ சிவில் படித்துவிட்டு கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ஊத்தங்கரை வட்டாரத்தில் 22 வருஷமாக வீடு கட்டிக்கொடுக்கிறேன். இன்சுலேஷன் விற்பவன் அல்ல. இந்த விஷயத்தில் கையைச் சுட்டுக்கொண்டவன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில், நீங்கள் கேட்ட பட்டியல் வருகிற வெளிநாட்டு இணையப் பக்கங்களை ஓரமாக வைத்துவிடலாம். அங்கே மரச்சட்டத்தில் சுவர் எழுப்பி, இரண்டு பலகைகளுக்கு நடுவில் கண்ணாடி நார்ப் பஞ்சை அடைப்பார்கள். சாய்ந்த கூரைக்கும் அறையின் மேல்தட்டுக்கும் நடுவே இருக்கும் பரணில் காகிதத் தூளைக் குழாய் வைத்து ஊதி நிரப்புவார்கள். பனிக்காலத்தில் உள்ளே மூட்டிய சூடு வெளியே போகக் கூடாது என்பது அவர்கள் கவலை. நம் வீட்டில் அந்தப் பரணும் இல்லை, சுவருக்குள் சந்தும் இல்லை. காகிதத் தூளை எங்கே ஊதுவீர்கள்? இன்னொன்று, அமெரிக்கப் பக்கங்களில் ஆர்-38 என்றெல்லாம் வரும் ஆர் மதிப்பு, அதாவது வெப்பத்தை எவ்வளவு மறிக்கும் என்ற எண், அவர்களுடைய அளவையில். நம் ஊர் அட்டவணைகளோடு ஒப்பிட அதை 5.68-ஆல் வகுக்க வேண்டும். வகுக்காமல் ஒப்பிட்டு, இங்கே கிடைக்கும் சரக்கெல்லாம் மட்டம் என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

நம் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்கள் இருப்பது 12 டிகிரி அட்சரேகையை ஒட்டி. ஏப்ரல் 20-ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் சூரியன் சரியாக நம் உச்சந்தலைக்கு மேல் வரும். ஆகஸ்டில் திரும்ப ஒரு முறை வரும். அந்த வெயிலை முழுசாக வாங்குவது தளம். சுவருக்குக் காலையிலும் மாலையிலும்தான் பங்கு. ஒரே தளமுள்ள வீட்டில் முதல் ரூபாயைத் தளத்தின் மேல் போடுங்கள் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான். சித்திரை மதியத்தில் வெறும் கான்கிரீட்டின் மேல்பரப்பு 55, 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு 5 அங்குலத்தைக் கடந்து உங்கள் விட்டத்துக்கு வர மூன்று நான்கு மணி நேரம் ஆகும். உங்கள் தளம் கிட்டத்தட்ட 30 டன் கான்கிரீட். பகல் முழுக்கச் சூடேறிய 30 டன் தோசைக்கல்லுக்கு அடியில் அம்மா படுத்திருக்கிறார். அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடும் அல்லவா, ராத்திரி பதினொரு மணிக் கதை அதுதான். ஃபேன் போட்டால் தளத்தை ஒட்டி நிற்கும் சூடான காற்றை அது முகத்தில் அடிக்கும்.

நமக்கு ஒரு வரப்பிரசாதம் உண்டு. சென்னை போல ராத்திரியும் புழுங்குகிற ஊர் இல்லை நம்முடையது. ஓசூர் ஏறக்குறைய 3000 அடி உயரம், தருமபுரி அதில் பாதி. கோடையிலும் விடியற்காலையில் 24, 25 டிகிரிக்கு இறங்கிவிடும். வெளியே குளிர்ந்திருக்கிறது, உள்ளே கல் சுடுகிறது. ஆகையால் தளத்தைச் சூடேற விடாமல் மேலேயே மறித்துவிட்டால், அதே 30 டன் நம் பக்கம் வேலை செய்யும். ராத்திரி ஜன்னலைத் திறந்து வைத்தால் குளிர்ந்து, மறுநாள் மதியம் வரை அந்தக் குளிர்ச்சியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

மேஸ்திரி சொல்லும் ஃபால்ஸ் சீலிங்கில் எனக்கு இருக்கும் தயக்கம் இங்கேதான். தெர்மகோலைத் தளத்துக்குக் கீழே வைத்தால் தளம் வழக்கம்போலச் சூடேறும். அந்தச் சூடு உங்கள் மேல் இறங்குவது மட்டும் குறையும். குறையாது என்று சொல்லமாட்டேன், குறையும். ஆனால் ராத்திரிக் குளிரைத் தளத்தில் சேர்த்துவைக்கும் வழியையும் அதே தெர்மகோல் அடைத்துவிடும். அறை உயரம் குறையும், ஃபேன் தாழும், நடுவில் எலி குடியேறும். தெர்மகோல் தீப்பிடித்தால் உருகிச் சொட்டும், கரும்புகை கக்கும். அதன் நடுவேதான் விளக்குக்கும் ஃபேனுக்கும் ஒயர் ஓடுகிறது. மதியத்தில் இரண்டு மணி நேரம் மட்டும் ஏசி போடுகிற அறை என்றால் கணக்கு மாறும். அறைக் காற்று சீக்கிரம் குளிர, கீழே வைக்கும் இன்சுலேஷன் உதவும். அப்போதும் தெர்மகோலுக்குப் பதில் ஜிப்சம் பலகை, அதன் மேல் ராக்வூல் (கல்லை உருக்கி இழுத்த நார்ப் பஞ்சு) என்றால் தீ பயம் இல்லை. அம்மா ஏசி இல்லாமல் ஜன்னலைத் திறந்து படுக்கிறவர் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் வேலை மேலேதான்.

எண்ணில் சொன்னால் உங்களுக்குத் தெளிவாகும். ஒரு சதுர மீட்டர் கூரையில், மேலும் கீழும் ஒரு டிகிரி வித்தியாசம் இருந்தால் எத்தனை வாட் வெப்பம் இறங்கும் என்பதை யூ மதிப்பு என்பார்கள்; குறையக் குறைய நல்லது. 5 அங்குல வெறும் கான்கிரீட் தளத்துக்கு அது சுமார் 3.5. அதன் மேல் 3 அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டுத் தட்டோடு பதித்தால் சுமார் 2.4. அந்தத் தட்டோட்டுக்கு அடியில் 1 அங்குலம் எக்ஸ்பிஎஸ் பலகை (தெர்மகோல் இனத்துக் கெட்டிப் பலகை, பிறகு சொல்கிறேன்) வைத்தால் 0.8, 2 அங்குலம் வைத்தால் 0.5, 3 அங்குலம் வைத்தால் 0.4-க்குச் சற்றுக் கீழே. வீடுகளுக்காக மத்திய மின்துறை 2018-ல் கொண்டுவந்த எகோ நிவாஸ் சம்ஹிதா என்ற விதித்தொகுப்பு, கூரைக்கு 1.2-ஐத் தாண்டக் கூடாது என்கிறது. நம் ஊரில் கட்டும் வீடுகளில் பெரும்பாலானவை அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கின்றன, நான் கட்டியவற்றையும் சேர்த்து.

10-க்கு 12 அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். மேலுக்கும் கீழுக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்று தோராயமாக வைத்தால், வெறும் தளத்தில் கிட்டத்தட்ட 1000 வாட் இறங்குகிறது. இஸ்திரிப் பெட்டி ஒன்றைத் தலைக்கு மேல் எரியவிட்ட மாதிரி. ஜல்லி, தட்டோடு போட்டால் 670. 1 அங்குலம் பலகை சேர்ந்தால் 220, 2 அங்குலத்துக்கு 140. இரண்டு பழைய சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் அவ்வளவுதான். முதல் அங்குலம் செய்கிற வேலையில் கால்வாசியைக்கூட இரண்டாவது செய்வதில்லை, மூன்றாவதை விட்டுவிடலாம். கடைக்காரர் 4 அங்குலம் போடுங்கள் என்றால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள்.

இனி சரக்குகளைப் பார்ப்போம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் வெல்லத் தண்ணீர் தெளித்து, பலகையால் அடித்துத் தளம் போடுவது நம் ஆட்கள் தலைமுறையாகச் செய்வது. வாட்டம் அதிலேயே அமையும், தண்ணீர் தேங்காது, ஒழுகாது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் வெயிலை மறிப்பதில் அது சுமார்தான், மேலே சொன்ன எண்ணைப் பாருங்கள். அது சூட்டைத் தாமதப்படுத்தும், நிறுத்தாது. கனமும் அதிகம்: உங்கள் 1100 சதுர அடிக்கு 3 அங்குலம் போட்டால் 14 டன். இப்போது சிலர் ஜல்லிக்குப் பதில் வெறும் சிமெண்ட் கலவையை வாட்டத்துக்குப் போட்டு மேலே டைல்ஸ் ஒட்டிவிடுகிறார்கள். அது ஜல்லி சுண்ணாம்பைவிடவும் மோசம்.

தெர்மகோல் என்பது ஈபிஎஸ். வெப்பத்தை மறிப்பதில் அது எக்ஸ்பிஎஸ்ஸுக்கு அருகிலேயே இருக்கிறது, விலையும் குறைவு. அந்த ஆசையில்தான் நான் மாட்டினேன். 2011-ல் காவேரிப்பட்டணத்தில் ஒரு வீட்டுக்கு, பொட்டலம் கட்டுகிற மெல்லிய அடர்த்தித் தெர்மகோலைத் தளத்தில் விரித்து, அதன் மேல் ஜல்லி சுண்ணாம்பு போட்டு அடிக்கச் சொன்னேன். அடியில் வாட்டர் புரூஃபிங் செய்யவில்லை. மேலேதான் சுண்ணாம்புத் தளம் இருக்கிறதே என்ற நினைப்பு. அடித்த அடியில் தெர்மகோல் அங்கங்கே நசுங்கியது, எனக்குத் தெரியவில்லை. இரண்டாம் மழைக்காலத்தில் தட்டோட்டு மூட்டுகள் விரிந்தன, தண்ணீர் உள்ளே போய் வெளியேற வழியில்லாமல் தேங்கியது, படுக்கையறை விட்டத்தில் கறை வந்தது. மொத்தத்தையும் பெயர்த்து என் செலவில் திரும்பப் போட்டேன். அந்த வீட்டுக்காரர் இன்றும் கல்யாணத்தில் பார்த்தால் "தெர்மகோல் சாரு" என்றுதான் கூப்பிடுகிறார்.

எக்ஸ்பிஎஸ் அதே பிளாஸ்டிக்கில் வேறு முறையில் செய்த கெட்டிப் பலகை. நீலம், இளஞ்சிவப்பு என்று நிறம் போட்டு வரும். உள்ளே இருக்கும் நுண்ணறைகள் மூடியவை என்பதால் தண்ணீர் குடிக்காது, நடந்தால் நசுங்காது. சதுர மீட்டருக்கு 20 டன்னுக்கு மேல் தாங்கும் வகை சாதாரணமாகக் கிடைக்கிறது. 1100 சதுர அடிக்கு 2 அங்குலம் போட்டாலும் பலகையின் எடை 200 கிலோவைத் தாண்டாது. ஆனால் அதன் மேல் வெயில் நேராகப் படக் கூடாது, காற்றில் பறக்கவும் கூடாது. ஆகவே 2 அங்குல கான்கிரீட்டும் டைல்ஸும் போட்டுத்தான் ஆக வேண்டும். கனத்தில் ஜல்லிக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் வராது. வரிசை முக்கியம்: முதலில் விரிசல் அடைத்து, வாட்டம் பிடித்து, வாட்டர் புரூஃபிங்; அதை இரண்டு நாள் தண்ணீர் கட்டிச் சோதிக்க வேண்டும். பிறகு பலகை, மூட்டுகள் ஒன்றின் மேல் ஒன்று வராமல் செங்கல் வரிசை போல மாற்றி. மூட்டுக்கு டேப், மேலே பாலிதீன் விரிப்பு, கோழிவலை வைத்து கான்கிரீட், கடைசியில் வெள்ளை டைல்ஸ்.

ஸ்ப்ரே ஃபோம், அதாவது பியூஎஃப், அங்குலத்துக்கு அங்குலம் இவை எல்லாவற்றையும்விட நன்றாக வெப்பத்தை மறிக்கும். மூட்டே கிடையாது. குளிர்பதனக் கிடங்குக்காரர்கள் அதைத்தான் நம்புகிறார்கள். ஆனால் வெயில் பட்டால் மஞ்சளாகிப் பொடிந்துபோகும், மேலே மூடியே ஆக வேண்டும், எரியும். இதற்கென்று இயந்திரமும் பழகிய ஆளும் வேண்டும், கலவை பிசகினால் திருத்த முடியாது. 1100 சதுர அடிக்கு பெங்களூரிலிருந்து ஆள் வரவழைப்பதை நான் செய்யமாட்டேன். கண்ணாடி நாரும் ராக்வூலும் நனைந்தால் வீண், மிதிபட்டால் வீண். மொட்டைமாடியின் மேல் அவற்றுக்கு வேலை இல்லை. தகரக் கூரைக்கு அடியில் அவை ராஜா. மாடியில் கலர் ஷீட் போட்டு ஓர் அறை இறக்குகிறவர்கள் இதைப் படித்தால், ஷீட்டுக்கு அடியில் அலுமினிய ஃபாயில் ஒட்டிய நார்ப் படுகை வையுங்கள், ஃபாயிலுக்குக் கீழே ஒரு அங்குலமாவது காற்றிடம் விடுங்கள். காற்றிடம் இல்லாமல் இரண்டு பக்கமும் எதிலாவது ஒட்டிக்கொண்டிருக்கும் ஃபாயில் வெப்பத்தைக் கடத்தத்தான் செய்யும். பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் மட்டும் துளை போடாதீர்கள், அறுக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்கு எமன்.

வெள்ளைப் பூச்சைப் பற்றித்தான் நிறைய ஏமாற்று. வெள்ளை நிறம் வெயிலைத் திருப்பி அனுப்புகிறது என்பது உறுதியான விஷயம். பழைய கான்கிரீட் தன் மேல் படும் வெயிலில் பாதிக்கு மேல் குடிக்கும். புதிதாக அடித்த நல்ல வெள்ளை கால்வாசிதான் குடிக்கும். தெலங்கானா அரசு 2023-ல் கூல் ரூஃபுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது இதை நம்பித்தான். சந்தேகப்பட வேண்டியது, டப்பாவில் எழுதியிருக்கும் "10 டிகிரி குறையும்". எங்கே 10 டிகிரி என்று கேளுங்கள். தளத்தின் மேல்பரப்பு அவ்வளவு குறையலாம், அறையின் காற்று அவ்வளவு குறையாது. நானோ, செராமிக் என்று பெயர் வைத்தாலும் ஒரு மில்லிமீட்டர் பூச்சு இன்சுலேஷன் ஆகாது. அதன் வேலை எல்லாம் நிறத்தில் இருக்கிறது, கூலிங் டைல்ஸ் விஷயமும் அப்படியே. நம் பக்கம் செம்மண் புழுதியும் கிரஷர் தூசியும் படிந்து, ஒரு வருஷத்தில் வெள்ளை காவியாகிவிடும். ஆகையால் நல்ல சுண்ணாம்பைக் கரைத்துப் பசை கலந்து, வருஷா வருஷம் மாசிக் கடைசியில் இரண்டு கை அடிப்பதே போதும். போடுகிற காசுக்கு இவ்வளவு பலன் தருகிற வேலை வேறு இல்லை.

சுவர் விஷயத்துக்கு வருகிறேன். கன்னி மூலையில், அதாவது தென்மேற்கில், தலைமகனோ பெரியவர்களோ படுக்க வேண்டும் என்று வாஸ்து சொல்கிறது. மாலை வெயில் கடைசிவரை அடிப்பதும் அந்த மூலையில்தான். சாஸ்திரத்தோடு சண்டை போடும் வயசு எனக்கு இல்லை, ஆனால் அந்த மேற்குச் சுவருக்கு நிழல் கொடுங்கள். நாலு மணி வெயில் சரிந்து வருவதால் சன்ஷேடு தடுக்காது. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் குச்சி நட்டு அவரையோ பீர்க்கையோ ஏற்றிவிடுங்கள். பாலக்கோட்டில் தக்காளிக்கு ஊன்றுகிற குச்சிக்கா பஞ்சம்? கொடி ஏறும்வரை பச்சை வலை. ஹாலோ பிளாக்கின் ஓட்டைக்குள் காற்று இருக்கிறதே என்று பலர் நினைக்கிறார்கள். ஓட்டைகளுக்கு நடுவே நிற்கும் சிமெண்ட் வழியாகச் சூடு தாராளமாக வந்துவிடும். புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு மேற்குச் சுவருக்கு மட்டுமாவது ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழிகள் நிறைந்த லேசான சிமெண்ட் கல்) வைக்கச் சொல்வேன். கட்டிமுடித்த சுவருக்குக் கொடியே போதும்.

பழைய கருங்கல் வீடு இன்சுலேஷன் இல்லாமலே குளுகுளுவென்று இருந்ததே என்று கேட்டிருக்கிறீர்கள். கருங்கல் வெப்பத்தைக் கான்கிரீட்டைவிட வேகமாகக் கடத்தும். அந்த வீடுகள் குளிர்ந்திருந்தது ஒன்றரை அடிச் சுவரின் கனத்தாலும், உயரத்தில் வேய்ந்த நாட்டு ஓட்டின் இடுக்குகள் வழியே சூடான காற்று போய்விட்டதாலும், சுற்றி நின்ற மரங்களாலும். அதே கல்லைப் பலகையாக அறுத்து நிழலில்லாத கூரையாகப் போட்டால் நரகம்.

உங்கள் பாட்டி சொன்ன, தளத்தின் மேல் மண்பானைகளைக் கவிழ்த்து அடுக்கி இடுக்கில் கலவை நிரப்பும் முறை நிஜமாகவே வேலை செய்யும். உள்ளே அடைபட்ட காற்றுதான் அங்கே இன்சுலேஷன். ஆனால் 8 அங்குல வாய்ப் பானை என்றால் உங்கள் தளத்துக்கு 2400-க்கு மேல் வேண்டும். இடுக்கை நிரப்பும் கலவையின் கனமும் சேரும். அம்மாவின் அறைக்கு மேல் மட்டும் செய்து பார்க்க ஆசையிருந்தால் செய்யுங்கள், வாட்டம் கெடாமல்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த மாசியிலேயே சுண்ணாம்பு அடித்து, மேற்கே வலை கட்டி, அம்மாவின் ஜன்னல்களுக்குக் கொசுவலை அடித்து ராத்திரி முழுக்கத் திறந்து வைப்பேன். அதில் எவ்வளவு குறைகிறது என்று ஒரு கோடை பார்ப்பேன். எத்தனை டிகிரி என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன். ஜன்னல் அளவு, காற்று வரும் பக்கம், பக்கத்துக் கட்டடம் எல்லாம் பார்க்காமல் அதைச் சொல்கிறவர் சரக்கு விற்கிறவராக இருப்பார். பணம் சேர்ந்ததும், எப்படியும் போட வேண்டிய தட்டோட்டு வேலையோடு சேர்த்து 2 அங்குலம் எக்ஸ்பிஎஸ். பிறகு தனியாகப் பெயர்த்து வைப்பதற்கு ஆகும் செலவில் பலகைக்காசே வந்துவிடும். முழுத் தளத்துக்கும் 2 அங்குலம் முடியாவிட்டால் எல்லா இடத்திலும் 1 அங்குலம் போடுங்கள். அறை ஒன்றுக்கு மட்டும் 2 அங்குலம் வைத்துப் பக்கத்தில் படி விடாதீர்கள், தண்ணீர் அங்கேதான் நிற்கும்.

வேலை தொடங்குமுன், தளத்துக்குக் கம்பிக் கணக்குப் போட்டுக்கொடுத்த இன்ஜினியரிடம் மேலே 12, 14 டன் ஏறப்போவதைச் சொல்லிவிடுங்கள். தட்டோட்டுச் சுமையைச் சேர்த்துத்தான் வழக்கமாகக் கணக்குப் போடுவார்கள், ஆனால் உங்கள் தளத்தை நான் பார்க்கவில்லை. விட்டத்தில் மயிரிழை விரிசலோ துருக்கறையோ தெரிந்தால் இன்சுலேஷன் பேச்சே வேண்டாம், முதலில் அதைக் காட்டுங்கள். பலகை வந்து இறங்கியதும் அடர்த்தியை பில்லில் எழுதி வாங்குங்கள், ஓரத்தில் ஸ்கேல் வைத்து அளந்து பாருங்கள். 50 மில்லிமீட்டர் என்றால் 50 இருக்க வேண்டும். ஒரு துண்டை உடைத்து ராத்திரி வாளித் தண்ணீரில் அமுக்கி வைத்துக் காலையில் எடுத்துப் பாருங்கள். கனத்திருந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.